"நான் இருக்குற இடம் அவருக்குத் தெரியக் கூடாது": பாதுகாப்பு உத்தரவு கேட்கும் பெண்ணின் முகவரியை ரகசியமாக வைக்க முடியுமா?

"கோர்ட்ல குடுக்குற பேப்பர்ல இப்போ இருக்குற அட்ரஸ் எழுதித்தான் ஆகணுமா?"

கல்லூரியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி சில மாதங்களுக்கு முன்பு போனில் கேட்ட கேள்வி இது. கேள்வி அவளுடையது இல்லை, அவளுடைய அக்காவுடையது. அக்கா கணவர் வீட்டை விட்டுக் கிளம்பி, ஆறு வயது மகளோடு வேறொரு ஊரில் ஒற்றை அறை வீட்டில் இருந்தார். குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போடலாம் என்று முடிவு செய்து படிவத்தையும் வாங்கிவிட்டார். பெயர், வயது, சேர்ந்து வாழ்ந்த வீட்டின் முகவரி வரைக்கும் எழுதியாயிற்று. அடுத்த வரி: தற்போதைய முகவரி.

"அந்த ஒரு வரியிலயே நின்னுட்டா. ரெண்டு மாசமாச்சு. அதை எழுதுனா அந்த ஆளு நேரா வந்து கதவைத் தட்டுவான்னு பயம். எழுதலைன்னா கேஸே நிக்காதோன்னு இன்னொரு பயம்" என்றாள் தோழி.

அடிக்கிறவரிடம் இருந்து பாதுகாப்பு கேட்டுப் போகிற இடத்திலேயே, தான் ஒளிந்திருக்கும் இடம் அவருக்குத் தெரிந்துவிடுமா? இந்தப் பயத்தால் மனுவே போடாமல் இருப்பவர்கள் உண்டு. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21), தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இது ஒரு அக்காவின் கேள்வி மட்டும் இல்லை.

சட்டம் எதை அனுமதிக்கிறது, எங்கே மௌனமாக இருக்கிறது, முகவரி எந்த வழியாகவெல்லாம் கசிகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாதுகாப்பு உத்தரவு என்றால் என்ன?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் 12-வது பிரிவின் கீழ் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம். பாதிக்கப்பட்ட பெண்ணே போடலாம், பாதுகாப்பு அலுவலர் போடலாம், அவர் சார்பில் வேறு ஒருவரும் போடலாம்.

18-வது பிரிவுதான் பாதுகாப்பு உத்தரவு. இதன்படி, வன்முறையில் ஈடுபடக் கூடாது, பெண் வேலை பார்க்கும் இடத்துக்கோ குழந்தையின் பள்ளிக்கோ போகக் கூடாது, நேரிலோ கடிதத்திலோ போனிலோ மெசேஜிலோ தொடர்புகொள்ள முயலக் கூடாது, அவருக்கு உதவி செய்த உறவினர்களைத் தாக்கக் கூடாது என்றெல்லாம் நடுவர் உத்தரவிட முடியும்.

உத்தரவை மீறினால் 31-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். இது போலீஸ் நேரடியாக நடவடிக்கை எடுக்கக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம்.

மனு போட்டால் முதல் விசாரணை வழக்கமாக மூன்று நாளுக்குள் வர வேண்டும், 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அப்படி நடப்பது அரிது. அந்த இழுபறி மாதங்களில்தான் முகவரி ரகசியமாக இருப்பது ரொம்ப முக்கியம். பிரிந்துபோன உடனே வரும் காலம்தான் பல பெண்களுக்கு ஆபத்து அதிகமான காலம் என்பதைக் குடும்ப வன்முறை வழக்குகளில் வேலை செய்கிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

முகவரி எந்தெந்தக் காகிதத்தில் இருக்கிறது?

முதலில் டிஐஆர் எனப்படும் குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கை. பாதுகாப்பு அலுவலர் இதைப் பதிவுசெய்து நடுவருக்கு அனுப்புவார். ஒரு நகல் காவல் நிலையத்துக்கும் போகும். 2006-ம் ஆண்டு விதிகளில் உள்ள முதல் படிவம் இதுதான். சேர்ந்து வாழ்ந்த வீட்டின் முகவரி, தற்போதைய முகவரி, தொலைபேசி எண் என மூன்றுக்கும் தனித்தனி இடம் இதில் உண்டு.

இரண்டாவது, மனு. வழக்கத்தில் எந்த மனுவும் "இன்ன முகவரியில் வசிக்கும் இன்னார்" என்றுதான் தொடங்கும். அதே நகல் எதிர்மனுதாரர் கைக்கும் போகும்.

மூன்றாவது, இடைக்கால உத்தரவு கேட்டுத் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரம். அதன் முதல் வரியிலும் முகவரி எழுதுவது பழக்கம்.

நான்காவது, வக்கீல் நோட்டீஸ், போலீஸ் புகார், சிஎஸ்ஆர் ரசீது, மருத்துவமனைச் சீட்டு போன்ற இணைப்புகள். மனுவில் முகவரியை மறைத்துவிட்டு, பின்னால் இணைத்த மருந்துச் சீட்டில் ஊர்ப் பெயரோடு ஆஸ்பத்திரி பெயரும் இருந்தால் என்ன பயன்? பலர் கோட்டை விடுகிற இடம் இதுதான்.

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது, யாரும் யோசிக்காதது: எந்த ஊர்க் கோர்ட்டில் மனு போடுகிறோம் என்பது. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

எந்த ஊரில் மனு போடுவது?

27-வது பிரிவு மூன்று வழி தருகிறது. பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊர், சம்பவம் நடந்த ஊர். இந்த மூன்றில் எந்த ஊர் நீதிமன்றத்தில் வேண்டுமானாலும் போடலாம்.

தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்பது பெண்களுக்கான சலுகை. அலைச்சல் குறையும். ஆனால், "இந்த ஊரில் மனு போட்டிருக்கிறாள் என்றால் இந்த ஊரில்தான் இருக்கிறாள்" என்று எதிர்த்தரப்பு கணக்குப் போட்டுவிடும். சின்ன ஊராக இருந்தால் தேடிக் கண்டுபிடிக்க ஒரு நாள் போதும்.

ஒளிந்திருப்பது உயிர் காக்கும் விஷயம் என்றால், சம்பவம் நடந்த ஊரின் நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வாய்தாவுக்கு அங்கே போக வேண்டியிருக்கும், அது ஒரு கஷ்டம். ஒவ்வொரு முறையும் நேரில் வராமல் வழக்கறிஞர் மூலமாகவோ காணொலி வழியாகவோ ஆஜராக அனுமதி கேட்கலாம். எது பாதுகாப்பு, எது வசதி என்பதை மனு போடும் முன்பே வழக்கறிஞரிடமோ பாதுகாப்பு அலுவலரிடமோ பேசி முடிவு செய்வது நல்லது.

சட்டத்தில் ரகசியத்துக்கு என்ன இடம்?

நேரடியாகச் சொல்லும் இடங்கள் இரண்டு.

ஒன்று, 16-வது பிரிவு. வழக்கின் சூழ்நிலை தேவைப்படுத்தினால், இரு தரப்பில் ஒருவர் விரும்பினால், நடுவர் மூடிய அறையில் விசாரணை நடத்தலாம். கவனியுங்கள், "நடத்தலாம்" என்றுதான் இருக்கிறது. தானாக நடக்காது, கேட்க வேண்டும்.

இரண்டு, 2006 விதிகளில் 16-வது விதியின் மூன்றாவது உட்பிரிவு. தங்குமிடத்தில் இருக்கும் பெண் விரும்பினால், அவர் அங்கே இருப்பதைத் தங்குமிடம் வெளியிடக் கூடாது, புகாருக்கு உள்ளானவருக்கும் தெரிவிக்கக் கூடாது. இங்கே "கூடாது" என்பது கட்டாயம். டிஐஆர் பதிவு செய்யவில்லை என்று காரணம் சொல்லித் தங்குமிடம் திருப்பி அனுப்பவும் கூடாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய ஓட்டை. அரசு அங்கீகரித்த தங்குமிடத்தில் இருந்தால் ரகசியம் காக்கப்படும். சித்தி வீட்டிலோ, தோழியின் அறையிலோ, வாடகை வீட்டிலோ இருந்தால்? அதைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. வன்முறைக்குத் தப்பி வரும் பெண்கள் எல்லோரும் அரசுத் தங்குமிடத்துக்கா போகிறார்கள்? முதலில் போவது சொந்தக்காரர் வீட்டுக்குத்தான்.

அந்த ஓட்டையை அடைக்க உதவுவது 28-வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு. மனுவை விசாரிக்க நீதிமன்றம் தனக்கான நடைமுறையைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்கிறது அது. முகவரியை மறைத்து வைக்க அனுமதி கேட்க இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளலாம். அனுமதி தருவதும் தராததும் நடுவரின் முடிவு. கேட்காமல் எதுவும் கிடைக்காது.

அப்படியானால் மனுவில் என்ன எழுதுவது?

பொய்யான முகவரி எழுதவே கூடாது. பிரமாணப் பத்திரத்தில் பொய் சொன்னால் அது தனிக் குற்றம். அதோடு, "முகவரியிலேயே பொய் சொன்னவர் மற்றதில் உண்மை பேசுவாரா?" என்று எதிர்த்தரப்பு கேட்க வழி கிடைத்துவிடும்.

பொய் சொல்வது வேறு, சொல்லாமல் இருக்க அனுமதி கேட்பது வேறு. இரண்டாவதுதான் பாதை. அதற்குச் செய்யக்கூடியவை:

* கடிதப் போக்குவரத்துக்கான முகவரியாக வழக்கறிஞரின் அலுவலக முகவரியைக் கொடுக்கலாம். "மனுதாரரின் பாதுகாப்பு கருதி தற்போதைய இருப்பிடம் குறிப்பிடப்படவில்லை" என்று மனுவிலேயே வெளிப்படையாக எழுதலாம்.
* மனுவோடு சேர்த்தே ஒரு தனி மனு: தற்போதைய முகவரியையும் போன் எண்ணையும் முத்திரையிட்ட உறையில் நீதிமன்றத்திடம் தருவதாகவும், எதிர்த்தரப்புக்கு அந்த விவரம் போகக் கூடாது என்றும், விசாரணையை மூடிய அறையில் நடத்த வேண்டும் என்றும் கேட்கலாம்.
* ஏன் பயம் என்பதைக் காரணத்தோடு சொல்ல வேண்டும். மிரட்டல் மெசேஜ், முன்பு பின்தொடர்ந்து வந்த சம்பவம், உறவினர் வீட்டில் வந்து செய்த ரகளை போன்றவை. "பயமா இருக்கு" என்பதை விட "மார்ச் மாதம் இப்படி நடந்தது" என்பது நிற்கும்.
* டிஐஆர் எழுதும்போதே பாதுகாப்பு அலுவலரிடம், தற்போதைய முகவரி எதிர்த்தரப்புக்குப் போகும் நகலில் இருக்கக் கூடாது என்று எழுத்தில் கேட்க வேண்டும். விதிகளில் உள்ள ஐந்தாவது படிவம் பாதுகாப்புத் திட்டம். அதில் இந்தப் பயத்தைப் பதியவைக்கலாம்.
* இணைப்புகளை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து, ஊர், பள்ளி, மருத்துவமனை, வேலை இடம் தெரியும் வரிகளைக் கறுப்படித்த நகலைக் கொடுக்க அனுமதி கேட்கலாம். மூலப் பிரதியை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்.

இது எதிர்த்தரப்புக்கு அநியாயம் இல்லையா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தன் மேல் என்ன குற்றச்சாட்டு என்று தெரிந்துகொள்ளவும், பதில் சொல்லவும், குறுக்கு விசாரணை செய்யவும் அவருக்கு முழு உரிமை உண்டு. அதில் எதையும் யாரும் பறிக்கவில்லை. பதில் மனுவை அனுப்ப வழக்கறிஞரின் முகவரி போதும். அவள் எந்தத் தெருவில் எத்தனையாவது மாடியில் இருக்கிறாள் என்பது, அடித்தாரா இல்லையா என்ற கேள்விக்கு எந்த விதத்திலும் பதில் தராது.

உத்தரவே இடத்தைக் காட்டிக்கொடுத்தால்?

இது கொஞ்சம் விநோதமான சிக்கல். "இன்ன தெருவில் உள்ள இன்ன நிறுவனத்துக்குப் போகக் கூடாது" என்று உத்தரவு வந்தால், அதுவரை அந்த இடம் தெரியாதவருக்கும் உத்தரவைப் படித்ததும் தெரிந்துவிடும்.

அதனால் பிரித்துப் பார்க்க வேண்டும். அவருக்கு ஏற்கெனவே தெரிந்த இடங்கள், அதாவது பழைய அலுவலகம், அம்மா வீடு, குழந்தையின் பழைய பள்ளி ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். தெரியாத இடங்களுக்கு "மனுதாரர் வசிக்கும், வேலை செய்யும், வழக்கமாகச் சென்றுவரும் எந்த இடத்துக்கும்" என்று பொதுவாகக் கேட்கலாம். தொடர்புகொள்ளவே கூடாது என்ற தடையையும் சேர்த்துக் கேட்டால், முகவரி சொல்லாமலேயே பாதுகாப்பு வலுப்படும்.

உத்தரவின் நகல் 24-வது பிரிவின்படி இலவசம். மனு போட்ட நீதிமன்றத்தின் எல்லையில் உள்ள காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் போகும். நீங்கள் வசிப்பது வேறு ஊர் என்றால், அந்த ஊர் போலீசுக்கு உத்தரவு வந்தது தெரிந்திருக்காது. சான்றிட்ட நகல் ஒன்றைக் கையிலும், போட்டோ எடுத்து நம்பகமான ஒருவரிடமும் வைத்திருங்கள்.

ஜீவனாம்சம் கேட்டால் என்ன ஆகும்?

இங்கேதான் பலருடைய முகவரி வெளியே வருகிறது. 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பின்படி, ஜீவனாம்சம் கேட்கும் வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். வருமானத்தை மறைக்கும் கணவர்களைப் பிடிக்க அது பெரிய உதவி. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் படிவம் மனுதாரர் இப்போது எங்கே தங்கியிருக்கிறார், வீடு யாருடையது என்றும் கேட்கிறது. வேலை, வங்கி விவரங்களும் உண்டு.

வங்கிக் கணக்கு அறிக்கையைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். எந்த ஏடிஎம்மில் பணம் எடுத்தீர்கள், எந்தக் கடையில் ஜிபே செய்தீர்கள், வாடகை யாருக்குப் போகிறது, பள்ளிக் கட்டணம் எங்கே கட்டினீர்கள் எல்லாமே அதில் இருக்கும். முகவரியே இல்லாமல் ஆளைக் கண்டுபிடிக்க அந்த நாலு பக்கம் போதும்.

ஜீவனாம்சம் போடச் சொல்லிக் கொடுக்கும் வங்கிக் கணக்கும் அப்படித்தான். ஐஎஃப்எஸ்சி எண்ணை வைத்து எந்தக் கிளை என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பழைய ஊர்க் கிளையில் தன் பெயரில் மட்டும் உள்ள கணக்கு இருந்தால், அதையே கொடுப்பது பாதுகாப்பு.

வருமானத்தை மறைக்கக் கூடாது, அது தப்பு. தொகைகளை முழுதாகக் காட்டிவிட்டு, இடத்தைக் காட்டும் விவரங்களை மட்டும் நீதிமன்றத்துக்குத் தனி உறையில் தர அனுமதி கேளுங்கள். குழந்தையைப் பார்க்க அப்பாவுக்கு அனுமதி கிடைத்தால், சந்திப்பு வீட்டு வாசலில் வேண்டாம், நீதிமன்ற வளாகத்திலோ வேறொரு பொது இடத்திலோ வையுங்கள் என்று கேட்கலாம்.

'பொண்டாட்டிய காணோம்' என்று புகார் கொடுத்தால்?

நடக்கிற விஷயம்தான். மனைவி வீட்டை விட்டுப் போனதும் கணவர் நேராக ஸ்டேஷனுக்குப் போய் "காணவில்லை" என்று புகார் கொடுப்பார். போலீஸ் போன் டவரை வைத்துத் தேடும். கண்டுபிடித்ததும் "உங்க வொய்ஃப் இந்த ஊர்ல இருக்காங்க சார்" என்று நல்ல எண்ணத்தில் சொல்லிவிடுவார்கள். தேடுவதற்கு அரசாங்கமே ஆள் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இதற்கு முந்திக்கொள்ள வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பியதும் பாதுகாப்பு அலுவலர் அல்லது வழக்கறிஞர் மூலம் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தெரிவிக்கலாம்: நான் மேஜர், என் விருப்பத்தில் வெளியேறினேன், பாதுகாப்பாக இருக்கிறேன், குடும்ப வன்முறைப் புகார் இருக்கிறது, என் இருப்பிடத்தையும் எண்ணையும் யாருக்கும் சொல்லக் கூடாது. போலீஸ் நேரில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்றாலும், "ஆள் நலமாக இருக்கிறார், சேர்ந்து வாழ விருப்பம் இல்லை" என்று புகாரை முடித்துவைக்க முகவரியைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

யாராவது ஆர்டிஐ போட்டுக் கேட்டால்? ஒருவரின் உயிருக்கோ உடல் பாதுகாப்புக்கோ ஆபத்து விளைவிக்கும் தகவலைத் தர மறுக்கலாம் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜி) பிரிவு சொல்கிறது.

கோர்ட்டுக்கு வெளியே எங்கெல்லாம் கசிகிறது?

*போன்:* சிம் யார் பெயரில் இருக்கிறது? கணவர் பெயரில் என்றால் அதை வங்கிக்கும் ஆதாருக்கும் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்', கூகுள் கணக்கில் லொகேஷன் பகிர்வு, வீட்டில் விட்டுவந்த டேப்லெட்டில் திறந்தே இருக்கும் ஜிமெயில் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரே லாகினில் உணவு ஆர்டர் செய்திருந்தால், புது டெலிவரி முகவரி அவருடைய போனிலும் தெரியும்.

*ஆதார்:* ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது என்று பாருங்கள். மொபைல் எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்தால் போதும், ஆவணம் தேவையில்லை. எண்ணை உடனே மாற்றுங்கள், முகவரியை மாற்றுவதை யோசித்துச் செய்யுங்கள்.

*ரேஷன்:* கார்டில் உள்ள பதிவு எண்ணுக்குத்தான் பொருள் வாங்கிய எஸ்எம்எஸ் போகும். அது யாருடைய எண் என்று பாருங்கள்.

*பள்ளி:* டிசி கேட்டுப் போனால் "எந்த ஸ்கூல்ல சேர்க்கப் போறீங்க?" என்று கேட்பார்கள், அது அப்பா காதுக்குப் போகும். டிசி தாமதமாவதைக் காரணம் காட்டி அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு சொல்கிறது. 6 முதல் 14 வயதுக் குழந்தைகளுக்கு இது பொருந்தும். அதனால் முதலில் சேர்த்துவிட்டு, டிசியைப் பிறகு பார்க்கலாம். புதுப் பள்ளியின் தலைமையாசிரியரிடம் நீதிமன்ற உத்தரவின் நகலைக் கொடுத்து, யார் வந்து கேட்டாலும் விவரம் சொல்ல வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள்.

*வாக்காளர் பட்டியல்:* இது யாரும் நினைக்காத கதவு. பட்டியலில் பெயரோடு கணவர் அல்லது தந்தை பெயர், வீட்டு எண், வயது எல்லாம் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஓட்டைப் புது முகவரிக்கு மாற்றினால் முகவரியை ஊருக்கே அறிவித்த மாதிரி. பெயரை மறைத்துப் பதிவு செய்யும் வசதி நம்மிடம் இல்லை.

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1991-லேயே முகவரி ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. ஆபத்தில் இருப்பவருக்கு அரசு ஒரு மாற்று முகவரி கொடுக்கும். அரசு அலுவலகங்களில் அதைத்தான் பதிவு செய்வார்கள், வரும் கடிதங்களை அரசே உண்மையான முகவரிக்கு அனுப்பிவைக்கும். பிறகு பல மாநிலங்கள் இதைப் பின்பற்றின. கலிஃபோர்னியாவில் இதற்குப் பெயர் 'சேஃப் அட் ஹோம்'. பாதுகாக்கப்படுபவரின் அடையாளமோ இருப்பிடமோ தெரியவரும் விதத்தில் பாதுகாப்பு உத்தரவு விவரங்களை இணையத்தில் போடக் கூடாது என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமும் மாநிலங்களுக்குத் தடை விதித்திருக்கிறது.

இங்கிலாந்து குடும்ப நீதிமன்றத்தில் சி8 என்றே ஒரு தனிப் படிவம் உண்டு. முகவரி, போன் எண்ணை அதில் எழுதிக் கொடுத்தால் நீதிமன்றம் மட்டும் வைத்துக்கொள்ளும். வாக்காளர் பட்டியலில் பெயர் வராமல் பதிவு செய்யவும் அங்கே வழி உண்டு. குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு 2018-ல் அதை இன்னும் எளிதாக்கினார்கள்.

தென்னாப்பிரிக்காவின் 1998-ம் ஆண்டுச் சட்டம் ஒரே வரியில் முடித்துவிட்டது: உத்தரவின் தன்மை கட்டாயப்படுத்தினால் ஒழிய, புகார்தாரரின் முகவரி பாதுகாப்பு உத்தரவில் இடம்பெறக் கூடாது.

மூன்றிலும் ஒரு பொது விஷயம் உண்டு. அங்கே ரகசியம்தான் வழக்கமான நிலை, அல்லது ஒரு படிவம் தூரத்தில் இருக்கிறது. இங்கே பயந்து வந்த பெண்ணே காரணம் சொல்லி, மனு போட்டு, அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.

நம்மிடம் ஏற்கெனவே உள்ள சில ஏற்பாடுகளும் இவர்களுக்கு எட்டுவதில்லை. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில் அடையாளத்தை மறைக்கவும் இடம் மாற்றவும் வழி இருக்கிறது. ஆனால் அது பெரிய தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பெண்களுக்கு எதிரான சில குறிப்பிட்ட குற்றங்களுக்கும்தான். பாதுகாப்பு உத்தரவு மனு மட்டும் போட்டால் அதில் வராது. கணவர் பின்தொடர்ந்து வந்து தொல்லை கொடுத்து, அதற்காகத் தனியாக வழக்குப் பதிவானால், அந்த வழியில் கேட்டுப் பார்க்கலாம்.

செய்தி நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது குற்றம். குடும்ப வன்முறைச் சட்டத்தில் அப்படி ஒரு தடைப் பிரிவு இல்லை. அதனால் பெயர் போடலாம் என்று ஆகிவிடாது. மாவட்டம், தெரு, வேலை பார்க்கும் கடை என்று நாங்கள் 'விவரமாக' எழுதும் ஒரு செய்தியே ஒருவரைக் காட்டிக்கொடுக்கப் போதும்.

யாரிடம் கேட்பது?

மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். மாவட்ட, வட்ட அளவில் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. 'சகி' எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், சட்டம், ஆலோசனை, சில நாள் தங்கும் வசதி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

* பெண்கள் உதவி எண்: 181
* அவசர போலீஸ் உதவி: 112
* இலவச சட்ட உதவி: 15100. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

கால் செய்த பிறகு போனில் கால் பட்டியலை அழிப்பது நல்லது. முடிந்தால் வேறு ஒருவரின் போனில் இருந்து பேசுங்கள்.

தோழியின் அக்கா கடைசியில் மனு போட்டுவிட்டார். சம்பவம் நடந்த ஊர்க் கோர்ட்டில்தான் போட்டார். 'தற்போதைய முகவரி' என்ற இடத்தில் வழக்கறிஞரின் அலுவலக முகவரி இருக்கிறது. உண்மையான முகவரி ஒரு கவரில் ஒட்டப்பட்டு கோர்ட்டில் இருக்கிறது. வாய்தா நாளில் காலையில் பஸ் ஏறி, இரண்டு பஸ் மாறி, வேறு வழியாகத் திரும்பி வருகிறார்.

"இப்போ கொஞ்சம் தூங்குறா" என்றாள் தோழி. "பாப்பா ஸ்கூலுக்குப் போறா. ஓட்டு மட்டும் இன்னும் பழைய ஊர்லயே இருக்கு. அதை மாத்தவே இல்ல."